கவுண்டரில் திறக்கக் கூடாத ஃபைல்

போன ஞாயிறு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெயர் சூட்டு விழா. தன் பிள்ளையை என் மடியில் போட்ட தாயிடம், ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். இதை எழுதலாமா என்றும் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எழுதிக்க லா. என் பேர மட்டும் மாத்திடு."

மாற்றிவிட்டேன். அவர் லெட்சுமி அக்கா. கிள்ளானில் நான் வேலை பார்க்கும் மகப்பேறு கிளினிக்கின் கவுண்டரில் இருப்பவர்.

நான் அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். எல்லா ஃபைலையும் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டும் என்னிடம்தான் — எங்கள் ஊர் ஜெஞ்சாரோமில் என் அம்மா இதை யார் யாரிடம் சொல்லியிருக்கிறார் என்று கேட்காதீர்கள்...

சென்ற வருடம் ஒரு காலை, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நான் பஸ் பிடித்து வருவதற்குள் டெக்னீஷியன் குமார் அண்ணன் புது டிஸ்க் மாட்டி, பேக்கப் டேப்பிலிருந்து எல்லாவற்றையும் இறக்கியிருந்தார்.

"எல்லாம் வந்துருச்சு தங்கச்சி. செக் பண்ணிக்க."

செய்தேன். பேக்கப் எடுக்கும்போதே ஒவ்வொரு ஃபைலுக்கும் கம்ப்யூட்டர் ஓர் எண்ணைக் கணக்கிட்டு வைக்கும். உள்ளே ஓர் எழுத்து கெட்டாலும் அந்த எண் மாறிவிடும். எதுவும் மாறவில்லை.

"அப்ப கவுண்டர ஓப்பன் பண்ணலாமா?" என்றார் டாக்டர்.

'சரி' என்று சொல்லப்போனேன். ஆனாலும் மனது கேட்கவில்லை. கவுண்டர் ஆளின் லாகினில் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, டாக்டர் மட்டும் பார்க்க வேண்டிய ஒரு ஃபைலைத் தட்டினேன். 'அனுமதி இல்லை' என்று வர வேண்டும்.

திறந்துகொண்டது.

முதல் வரியில் லெட்சுமி அக்காவின் பெயர். இரண்டு மாதக் கர்ப்பம்.

முந்தைய தடவை அவருக்குக் கரு தங்கவில்லை. சந்தோஷத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. பாசார் சந்தையில் மீன் விற்கிறவரிடம்கூட. அதனால்தான் இந்த முறை வாயே திறக்கவில்லை. இப்போது கவுண்டரில் யார் தட்டினாலும் தெரிந்துவிடும்.

குமார் அண்ணன் கவுண்டர் லாகினிலேயே டேப்பை இறக்கியிருந்தார். ஃபைல்கள் பத்திரம். யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்பது மட்டும் கூட வரவில்லை.

"மாஸ்டர் லாகின்ல மறுபடி இறக்கணும்ணே. பெர்மிஷனோட."

"டேட்டாதான் சரியா இருக்கே லா."

"தீபாவளிக்கு வீட்ட எல்லாருக்கும் திறந்து விடுற ஓப்பன் ஹவுஸ் மாதிரி இருக்குண்ணே. யாரு வேணாலும் படுக்கையறை வரைக்கும் போலாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. "நீங்க மட்டும் பாக்குற ஃபைல கவுண்டர்ல எல்லாரும் படிக்கலாம், டாக்டர்" என்றேன். அவருக்கு அது போதும்; மறுபடி இறக்கச் சொன்னார்.

மதியம் வரை கவுண்டரில் எல்லாவற்றையும் கையால்தான் எழுத வேண்டியிருந்தது. லெட்சுமி அக்கா கையை உதறிக்கொண்டே என்னைப் பிடித்தார்.

"வந்தத எதுக்கும்மா திரும்பப் போடுற? படிச்ச புள்ளைங்களே இப்படித்தான்."

"ஆமாங்க்கா" என்றேன்.

மறுபடி இறக்கி, மறுபடி தட்டினேன். 'அனுமதி இல்லை.' அந்த வரியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தொலைந்தது கிடைத்தால் போதும் என்று நினைக்கிறோம். அது யாருக்கு உரியது என்பதும் சேர்ந்து கிடைக்க வேண்டாமா?

மூன்றாம் மாதம் முடிந்து ஒரு நாள், அக்கா என்னைப் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்க அழைத்துப்போனார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

நானும் முதல் தடவை கேட்பதுபோலத்தான் கேட்டேன்.