சத்தமில்லாத நாற்பது நொடி

என் அக்கா மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவள். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், பதினொரு பாய்கள் விரிக்க இடமுள்ள கூடம் அவளுடையது. படபடப்பு, பயம், தூக்கமின்மை என்று வருகிறவர்களைப் படுக்கவைத்துவிட்டு, பாய்களுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்தபடி பேசுவாள். கீழே சக்கரத்தைக் கழற்றித் தரையில் போடும்போதுகூட அந்தக் குரல் தடுமாறாது. நான் வாசலில் உட்கார்ந்து வருகைப் பதிவையும் தொலைபேசியையும் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் அவள் வேறு ஆள். நின்றுகொண்டே சாப்பிடுவாள். கட்டைவிரல் நகத்தைச் சதை தெரியக் கடித்து வைத்திருப்பாள்.

"ஊருக்குத்தான் உபதேசம்," என்பார் அத்தான். "ஒரு நாளாவது அந்தப் பாயில நீ படுத்திருக்கியா?"

"சமைக்கிறவளுக்குப் பசிக்காது, தெரியாதா?" என்று அவர் வாயை அடைப்பாள்.

இரண்டு வருடம் முன்பு, வீட்டிலும் கேட்க ஏதாவது வேண்டும் என்று எல்லோரும் நச்சரித்ததால், துணி அலமாரிக்குள் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து இருபது நிமிடம் பேசிப் பதிவுசெய்தாள். நூறு கைபேசிகளுக்காவது அது போயிருக்கும்.

அந்தப் பதிவைப் பற்றி முதலில் சொன்னவள் காலை வகுப்புக்கு வரும் தையற்காரி. "டீச்சர், 'இனி ஒன்றும் செய்ய வேண்டாம்'னு சொல்லிட்டு நடுவுல பேச்சை நிறுத்துறீங்கல்ல, அங்க மட்டும் யாரோ கதவோரம் நிக்கிற மாதிரி இருக்கு."

"நின்னு என்ன செய்றாங்க?"

"ஒண்ணும் செய்யல. காது குடுத்துக் கேக்கறாங்க."

அக்கா சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் மாலை வகுப்பில் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் அதையே சொன்னபோது சிரிக்கவில்லை. அவரும் தையற்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் சளி பிடித்து அக்காவின் தொண்டை அடைத்துக்கொண்டது. மாலை வகுப்பில் பதிவைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் குரலைக் கேட்டுக்கொண்டு கிடப்பவர்களை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான் முதல் முறை.

"இனி ஒன்றும் செய்ய வேண்டாம்," என்றது குரல்.

பதினொரு வயிறுகளும் நின்றன.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், நாற்பது நொடி. பிறகு குரல் "நல்லது" என்றது. ஒரே ஆள் மூச்சு இழுத்ததுபோலக் கூடம் முழுக்க ஒரு சத்தம். ரயில் ஓட்டுநரின் வயிறு மட்டும் எழவில்லை. அக்கா ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கண்ணைத் திறந்தவர், "நேரமாச்சாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

மறுநாள் மதியம் இருவரும் அந்தப் பதிவைக் கேட்டோம். நாற்பது நொடியில் மூச்சின் இழைகூட இல்லை.

"மைக்ல சத்தம் விழக்கூடாதுன்னு அடக்கிக்கிட்டேன்," என்றாள். கட்டைவிரல் நகத்தைக் கடித்தபடி, "கஷ்டமாவே இல்லடி," என்றாள்.

ஏன் கஷ்டமில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது அம்மா நுரையீரல் நோயில் உள்ளறையில் படுத்திருந்தாள். பள்ளிவிட்டு வந்ததும் அக்கா கதவோரம் போய் நிற்பாள். அம்மாவின் மூச்சு மெல்லியது. தன் மூச்சுச் சத்தத்தில் அது மறைந்துவிடுகிறது என்று தன்னுடையதை நிறுத்திக்கொண்டு கேட்பாள். ஒரு வருடம் தினமும். எனக்கு ஐந்து வயது. விளையாட்டென்று நினைத்து நானும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடைசி நாள் அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

தையற்காரிக்கு இது தெரிய வழியே இல்லை.

புதிதாகப் பதிவுசெய்யப் பார்த்தாள். மூன்று நாள் அலமாரிக்குள் உட்கார்ந்தாள். பேச்சை நிறுத்தும் இடம் வந்ததும் மூச்சும் நின்றது. வலிந்து விட்டால் போலியாகக் கேட்டது.

"இது சரியாகலைன்னா கூடத்தைப் பூட்டிடறேன்," என்றாள். "மூச்சை நிறுத்தவா இத்தனை வருஷம் கத்துக்குடுத்தேன்?"

திங்கள் மாலை பத்துப் பேர் வந்தார்கள். ரயில் ஓட்டுநரைக் காணோம். அக்கா நடுவில் நின்று, "நான் உங்களுக்குச் சொல்லிக்குடுத்ததை நான் செஞ்சதே இல்ல," என்றாள். "இன்னைக்கு நானும் படுக்கறேன். பேச மாட்டேன்."

காலியாக இருந்த அவருடைய பாயிலேயே படுத்துக் கண்ணை மூடினாள்.

பத்து வயிறுகள் முன்பின்னாக ஏறி இறங்கின. அவளுடையது நின்றிருந்தது. முப்பது எண்ணினேன். நாற்பது. ஐம்பதை நெருங்கும்போது, இறுகிப்போன இழுப்பறையை யாரோ பிடித்து இழுத்ததுபோல அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூலையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். அடுத்த மூச்சு அதைவிட மோசம். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது. துடைக்காமல், எழாமல், நேரம் முடியும்வரை கிடந்தாள்.

மறுநாள் பதிவு வைத்திருந்த ஒவ்வொருவரையும் அழைத்து அழிக்கச் சொன்னாள். "நல்லாத்தானே தூக்கம் வருது, எதுக்கு?" என்று சிலர் முரண்டு பிடித்தார்கள். ரயில் ஓட்டுநர் நான்காவது அழைப்பில்தான் எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அன்னைக்கே அழிச்சுட்டேன்மா. ஆனா மத்தியானம் சாஞ்சு உக்காந்தா அந்த இடம் தானா வந்துடுது. நிக்கறது யாருன்னும் இப்போ தெரியுது."

"யாரு?"

"சின்னப் பொண்ணு. ரொம்ப நேரமா நிக்குது, பாவம்."

அக்காவின் மூச்சு உள்ளே போவதும் கரகரவென்று வெளியே வருவதும் கேட்டது.

"நாளைக்கு வாங்க. என் பக்கத்துப் பாயில படுங்க."

"நீங்க மூச்சு விடறது எனக்குக் கேக்குமாம்மா?"

"கேக்கும். கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்," என்றார் அவர். "அந்தப் பொண்ணுக்கும் கேக்கணும்ல."