காத்திருக்கச் சொன்னாள் ஆர்லீன்

ஆர்லீன் ஹைக்கிலாவைப் பற்றி எங்கள் ஊரில் இப்போது ஒரே பேச்சுதான்: பெற்ற மகன் வாயில் மண்ணைப் போட்டவள். என் கடைக்குக் காபி குடிக்க வருகிறவர்கள் என் முகத்துக்கு எதிரேயே சொல்கிறார்கள். நான் அவளுடைய சிநேகிதி என்று தெரிந்துதான் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இவர்கள் கைதட்ட மட்டும் வந்தவர்கள்.

ஆர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மிச்சிகனின் இந்த வடகோடியில் பனி கொட்டும்போது அந்த வேலையைச் செய்யத் தனித் தைரியம் வேண்டும், அவளுக்கு அது இருக்கிறது. புருஷன் சரியில்லை என்று தெரிந்த அன்றே அவன் பெட்டியை வாசலில் வைத்தவள். ஒரே மகன் வெஸ்ஸைத் தனியாக வளர்த்தாள். வருஷத்துக்கு ஒரு மான் சுடுவாள், அதையே குளிர்காலம் முழுக்கச் சமைப்பாள்.

அவளிடம் நிசு என்று ஒரு குட்டைக்கால் நாய் உண்டு. எங்கள் ஊர் ஃபின்லாந்து வம்சக் குடும்பங்களின் ஏலக்காய் ரொட்டிக்கு அந்தப் பேர். குண்டு பட்டு ஓடிப்போன மானை ரத்த வாடை பிடித்துக் கண்டுபிடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. மானைத் தொலைத்தவன் யார் கூப்பிட்டாலும் ஆர்லீன் நாயோடு போவாள், காசு வாங்கமாட்டாள். ஒரே நிபந்தனை, குண்டு எங்கே பட்டது என்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

"எவனைக் கேட்டாலும் நெஞ்சுலன்னுதான் சொல்றான் பெர்னி," என்பாள் என்னிடம். "இந்த ஊர்ல வயித்துல சுட்டவன் ஒருத்தனும் கிடையாது. நெஞ்சுல பட்டா அங்கயே விழுந்திருக்குமே, அப்புறம் ஏன் எனக்கு போன் வருது?"

எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையச் சுவரை ஒட்டி படுக்கைவாட்டில் ஒரு நீளமான கம்பம் உண்டு. வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்தன்று ஆண்மான்களைக் கொண்டுவந்து அதில் தொங்கவிடுவார்கள். டயர் கடை மெல்வின் அதைப் போட்டியாக்கினான். அன்று மாலை ஆறு மணிக்குள் வந்த மான்களில் எதன் கொம்பு பெரிதோ, அதைச் சுட்டவனுக்கு ஒரு புது பிக்கப் வண்டி. கெட்டுப்போன மானைத் தொங்கவிடக் கூடாது என்று ஒரு விதியும் உண்டு. கம்பத்தடியில் வைத்த விதிப் பலகையில் முதல் வரியே அதுதான், மெல்வினே எழுதியது.

வண்டி வந்ததிலிருந்து எங்கள் ஆண்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. முன்பு சுடுவதா வேண்டாமா என்று யோசித்த தூரத்தில் இப்போது யோசிக்காமல் சுடுகிறார்கள். மரத்துக்குப் பின்னால் பாதி உடம்பு தெரிந்தாலும் சுடுகிறார்கள். அவர்கள் கண்ணில் மான் இல்லை, கொம்பு இருக்கிறது, கொம்புக்குக் கீழே வண்டி இருக்கிறது.

வெஸ்ஸும் அப்படித்தான் சுட்டான். ஆனால் அவனுக்கு அந்த வண்டி ஆடம்பரமில்லை. மர அறுவை மில்லில் ஆள் குறைத்தபோது அவன் வேலை போனது. அறுபது மைலுக்கு அப்பால் சுரங்கத்தில் வேலை கிடைத்தது, திங்கட்கிழமை சேர வேண்டும். அவனுடைய பழைய கார் அக்டோபரிலேயே படுத்துவிட்டது.

வேட்டை தொடங்கிய அன்று பள்ளிக்கு விடுமுறை. நான் ஆர்லீன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் வெஸ் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"அம்மா, நாயைக் கொண்டா. பெருசும்மா. இந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல!"

"எங்கடா பட்டுச்சு?"

"நெஞ்சுல."

ஆர்லீன் அவனையே பார்த்தாள். "வெஸ்."

"வயித்துல," என்றான், குரல் இறங்கி. "முதுகைக் கூனிக்கிட்டு மெதுவா நடந்து போச்சு."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். "அப்ப பக்கத்துலதான் எங்கயாவது படுத்திருக்கும். யாரும் கிட்டப் போகலைன்னா படுத்த இடத்துலயே செத்துடும். காலையில போவோம்."

"ஆறு மணிக்குப் போட்டி முடிஞ்சிடும்மா!"

"மானுக்கு அது தெரியாதுடா. இப்பப் போனா எழுந்து ஓடும். குடல் வெளிய வந்தாலும் ஓடும். ராத்திரியெல்லாம் சாகாம கிடக்கும்."

"திங்கக்கிழமை நான் எதுல போறது? உன் ஸ்கூல் பஸ்லயா?"

அவளுக்கும் அந்த வண்டி வேண்டும், அதை நான் அவள் முகத்தில் பார்த்தேன். ஆனாலும் அவன் நாயைக் கொண்டுபோக முடியாதபடி அதன் வாரை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். வெஸ் கதவை அறைந்துவிட்டு வெளியே போனான்.

அவன் சும்மா இருக்கவில்லை. கூட்டாளிகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினான். மான், அவள் சொன்ன மாதிரியே, பக்கத்தில்தான் படுத்திருந்தது. இவர்கள் காலடி கேட்டதும் எழுந்து, ஓடையைத் தாண்டி, தேவதாருச் சதுப்புக்குள் ஓடிப்போனது. இருட்டிவிட்டது. ஆறு மணியும் ஆனது.

விடிந்ததும் ஆர்லீன், வெஸ், நான், நிசு நாலு பேரும் போனோம். நாய் மூக்கைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. சதுப்பின் நடுவில் கண்டுபிடித்தோம். கயோட்டி நரிகள் முந்திக்கொண்டிருந்தன. பின்தொடை ஒன்று முழுக்கப் போயிருந்தது. கண் திறந்திருந்தது, விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு உயிர் இருந்தது.

"சுடு," என்றாள் ஆர்லீன்.

வெஸ் சுட்டான். பிறகு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அவள் முதுகைத் தடவிக் கொடுக்கவில்லை.

இழுத்துக்கொண்டு சாலைக்கு வந்தால் மெல்வின் தன் சொந்த வண்டியோடு நிற்கிறான். கூட்டாளிகளில் ஒருவன் அவனுக்கு போன் போட்டிருக்கிறான். கொம்பைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"கடவுளே! இந்த மாவட்டத்துலயே இப்படி ஒண்ணு வந்ததில்ல. நேத்து சுட்டதுதானே? நேத்துக் கணக்குல சேர்த்துக்கலாம். பத்திரிகைக்காரங்க மத்தியானம் பரிசு குடுக்கறப்ப வர்றாங்க."

"பின்னாடி பாரு மெல்வின்," என்றாள் ஆர்லீன்.

"சுவர்ப்பக்கம் திருப்பித் தொங்கவிட்டா போச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே சதுப்பில் தள்ளியிருப்பேன். ஆறு மணியை இவ்வளவு சுலபமாக நகர்த்த முடியும் என்றால் நேற்றே நகர்த்தியிருக்கக் கூடாதா? அந்த ஆறு மணிக்காகத்தானே அந்தப் பிராணி ராத்திரி முழுக்க உயிரோடு தின்னப்பட்டது!

ஆர்லீன் மகனிடம் திரும்பினாள். "நீ சொல்லுடா. கம்பத்துக்கா, வீட்டுக்கா?"

வெஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "திங்கக்கிழமைம்மா."

மானை மெல்வின் ஏற்றிக்கொண்டு போனான்.

மத்தியானம் கம்பத்தடியில் ஊரே கூடியிருந்தது. முழுசாக இருந்த பக்கம் கூட்டத்துக்கு, தின்ற பக்கம் சுவருக்கு. கொம்பின் அளவை மெல்வின் ஒலிபெருக்கியில் சொன்னதும் விசில் பறந்தது. பத்திரிகைக்காரப் பெண் கேமராவைத் தூக்கினாள். மெல்வின் சாவியை நீட்டினான், வெஸ் கையை நீட்டினான்.

ஆர்லீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். மானின் தோளில் இரண்டு கையையும் வைத்து அதைத் திருப்பினாள். கயிறு முறுக்கிக்கொண்டு பழையபடி திரும்பப் பார்த்தது. அவள் காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விசில் நின்றது. யாரோ குழந்தையின் கண்ணைப் பொத்தினார்கள்.

"செத்தப்புறம் நரி கடிச்சதா?" என்று கேட்டாள் பத்திரிகைக்காரப் பெண்.

"இல்லம்மா. உயிரோட இருக்கறப்ப."

"ஆர்லீன், கையை எடு," என்றான் மெல்வின் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எடுத்தா திரும்பிக்கும்."

வெஸ் அவள் காதருகே வந்தான். எனக்கும் கேட்டது. "விடும்மா. வண்டி போயிடும். உனக்கு மான் முக்கியமா, நான் முக்கியமா?"

"நீதாண்டா," என்றாள். கையை எடுக்கவில்லை.

நான் போய் அவள் பக்கத்தில் நின்று இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இருவரையும் நகர்த்த முடியாமல் கடைசியில் மெல்வினே கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். மான் பனியில் விழுந்தது. சாவி அடுத்த கொம்புக்காரனுக்குப் போனது. அவனுக்கும் கைதட்டினார்கள்.

"வாடா," என்றாள் ஆர்லீன் மகனிடம். "கெடாத கறியையாவது எடுப்போம்."

வெஸ் வரவில்லை. கூட்டாளி ஒருவனின் காரில் ஏறிப் போனான்.

நாங்கள் இரண்டு பேரும் மானை அவள் கொட்டகைக்கு இழுத்துப் போனோம். முன்தோள் மட்டும்தான் தேறியது. ஆர்லீன் அதை அறுத்துத் தாளில் சுற்றினாள். மேலே வெஸ் என்று எழுதி உறைபெட்டியில் வைத்தாள்.