மடித்து வைத்த முதல் தாள்

ஈசிஜி எடுத்தவர் ஏன் இரண்டாவது முறை எடுத்தார்? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் மயங்கி விழுந்த என் ஆறு வயது மகளோடு போலாரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஈசிஜி எடுத்தவர் நரைத்த மீசைக்காரர். மார்பில் ஒட்டும் ஒவ்வொரு உலோகக் குமிழையும் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகே வைத்தார்.

“நக்கோ அங்கிள், வேணாம், கரண்ட் அடிக்கும்!”

“அடிக்காது கண்ணு. உன் நெஞ்சுத் துடிப்பை எழுதிக்கும், அவ்வளவுதான். ஆடாம படு.”

வெளியே வந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் எடுத்தார்.

“ஏன் அண்ணா?”

“பாப்பா அசைஞ்சிடுச்சும்மா.”

அவள் கால்களைப் பிடித்திருந்தவள் நான். அசையவில்லை என்றே நினைக்கிறேன். முதல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவதை மட்டும் பார்த்த டாக்டர், பயமில்லை என்றார். முதல் தாளைப் பற்றி அவரிடம் சொல்லாமலே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

குளிர்ந்த உலோகம் குழந்தைமேல் படக்கூடாதென்று பார்த்தவர், முதல் தாளில் இருந்ததை மறைத்து என்னிடமும் அப்படித்தான் நடந்துகொண்டாரா? திரும்பிப் போய் அந்தத் தாளைக் கேட்கட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.