அப்பாவின் கண் பட்ட விமானம்

மாடம்பாக்கத்து ஏரிக்கரையில் ஒரு குட்டி விமானம் விழுந்ததற்கு என் அப்பாவின் கண்தான் காரணம் என்று எங்கள் தெரு முழுக்க நம்பியது. தெருவை விடுங்கள், அது எதையும் நம்பும். அப்பாவும் நம்பினார் என்பதுதான் கொடுமை. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டவிடாமல் அம்மாவோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றவர்.

தலைப்பிரசவத்துக்காக நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் அம்மா என்னை மொட்டைமாடியில் நடக்க விடுவாள். அப்பா துணைக்கு வருகிறேன் என்று வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த மாதம் தினமும் அந்த விமானம் வந்து குட்டிக்கரணம் பழகிக்கொண்டிருந்தது. மல்லாந்து பறக்கும், செங்குத்தாக ஏறும், சுழன்றுகொண்டே இறங்கும். அன்றைக்குப் பெரிய வட்டம் ஒன்று அடித்து முடித்ததும் அப்பா கைதட்டி, நாலு மாடிக்குக் கேட்கும்படி, "இவனை அடிச்சுக்க ஆளே கிடையாது" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, இன்ஜின் சத்தம் நின்றுவிட்டது.

விமானி பாராசூட்டோடு குதித்து ஏரியின் ஆகாயத்தாமரைக்குள் விழுந்தார். விமானம் தனியாகப் போய், 'இந்த இடம் விற்பனைக்கு அல்ல' என்ற பலகைக்குப் பக்கத்தில் மூக்கைக் குத்தி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மனைக்காரர் மட்டும் குரோம்பேட்டையிலிருந்து ஓடிவந்து, இறக்கையைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, ஆக்கிரமிப்பு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினாள். சொட்டச் சொட்ட நின்ற விமானியைக் கிழக்குப் பார்த்து நிற்கவைத்து, மூன்று சுற்று சுற்றி, கையை நீட்டித் துப்பச் சொன்னாள். தமிழ் தெரியாத அந்த மனிதர், விசாரணை தொடங்கிவிட்டது என்று நினைத்து, "இன்ஜின், இன்ஜின்" என்றார். அம்மா துப்பிக் காட்டினாள். வாயில் ஏரித் தண்ணீர் இருந்ததால் அவரும் தாராளமாகத் துப்பினார்.

அன்றிலிருந்து அப்பா நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டார். தரையைப் பார்த்துப் பேசினார், ஆட்களைச் செருப்பை வைத்து அடையாளம் கண்டார். இப்போது அம்மா கட்சி மாறினாள். இயந்திரம் என்றால் கோளாறு வரத்தான் செய்யும், இதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பௌதிக வாத்தியாருக்கே பாடம் எடுத்தாள். ஏன் சரியாக நான் சொன்ன நிமிஷத்தில் நின்றது என்று அவர் கேட்டார்.

போதாக்குறைக்குத் தெருமுனை டீக்கடைக்காரர் ஒருநாள் வந்து குரலைத் தாழ்த்தினார். "எதுத்தாப்ல ஒருத்தன் புதுசா கடை போட்டுகினு கீறான் சார். ஒரு நடை வந்து, கடை சூப்பரா கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ சார்." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு என் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு அப்பா தினமும் வந்தார். வந்து, தொட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பால் குடித்தாளா, தூங்கினாளா என்று சுவரிடம் விசாரித்துவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளை பெற்ற உடம்பு என்று பேசாமல் இருந்தேன்.

பெயர் சூட்டும் நாளில் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொன்னார்கள். அப்பாவின் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்து, மூன்று முறையும் தலையணையிடம் சொன்னார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாருப்பா," என்றேன். "அழகா இருக்காளான்னு உன்கிட்ட யாரு கேட்டா? பாத்துத் திட்டு. போதும்."

கண்ணைத் திறந்தார். குழந்தையைப் பார்த்தார்.

"சகிக்கலை," என்றார். குரல் உடைந்துவிட்டது. "மூக்கு சப்பை. காது முறம். இவ்வளவு அசிங்கமா ஒரு குழந்தையை நான் பாத்ததே இல்லை."

அம்மா போதும் என்று தோளைத் தொட்டாள். அவர் நிறுத்தவில்லை. கண்ணீரைத் துடைத்துத் துடைத்து, துணியை விலக்கி, புருவம், மோவாய், விரல் நகம் என்று ஒன்று விடாமல் உற்றுப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். கால் சுண்டுவிரலையும் திட்டி முடித்த பிறகு, மறுபடியும் முகத்திலிருந்து ஆரம்பித்தார்.