அளவுக்குச்சியோடு கார் பார்த்தவர்

கொரட்டூர் பரந்தாமனுக்கு எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் என்ன குறை என்றுதான் முதலில் தோன்றும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் முப்பத்தோரு வருடமாக இன்ஸ்பெக்டர் வேலை. கடைந்து வருகிற துண்டையெல்லாம் கேஜ் என்ற அளவுக்கருவியை வைத்துப் பார்ப்பார். கேஜின் ஒரு முனை துண்டின் துளையில் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் துண்டு பாஸ். இல்லையென்றால் சிவப்பு பெயிண்டைத் தொட்டு ஒரு பொட்டு வைத்து மூலையில் எறிந்துவிடுவார். முதலாளியே வந்து கெஞ்சினாலும் அந்தப் பொட்டு அழியாது.

பட்டறையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்தும் இதே கதைதான். மகள் ஜெயப்பிரியாவுக்கு வந்த முதல் மூன்று வரன்களுக்கும் அவர் மனசுக்குள் சிவப்புப் பொட்டு வைத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் அளந்து பார்க்காமல் ஒத்துக்கொண்டது தன்னை மட்டும்தான் என்று அவர் மனைவி தாட்சாயிணி சொல்வாள். அவரும் மறுக்கமாட்டார்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு முறை பார்க்காமல் விட்டார். அது போன பிப்ரவரியில்.

ஐயப்பன்தாங்கலில் ஒரு கல்யாணம். தாட்சாயிணிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டிருந்தது. ஆபரேஷன் பண்ணலாம், சர்க்கரை குறையட்டும் என்று டாக்டர் தள்ளிப்போட்டிருந்தார். இருபத்தெட்டு வருடம் ஒருக்களித்து உட்கார்ந்து வந்த மொபெட்டில் இனி ஏற முடியாது. ஆட்டோவென்றால் குனியவும் வேண்டும், காலைத் தூக்கவும் வேண்டும். அதனால் திரும்பும்போது பரந்தாமன் போனில் ஒரு டாக்சி வரவழைத்தார். தாழ்வான கார். உட்காருவது சுலபமாக இருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. தாட்சாயிணியால் எழுந்திருக்க முடியவில்லை. டிரைவர் ஒரு கையை, எதிர்வீட்டு தேவராஜ் ஒரு கையைப் பிடித்து இழுக்க, புடவை விலக, தெருவே பார்க்க, அவளைத் தூக்கித்தான் நிறுத்தினார்கள்.

அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டாள். அன்றிலிருந்து கேட்டைத் தாண்டவில்லை. கோயில் போயிற்று, கடைத்தெரு போயிற்று. ஆவடிக்கு அந்தப் பக்கம் முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் தங்கை ராஜம்மா ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோதுகூடப் போனில்தான் அழுதாள். எந்த டாக்சி வருகிறது, எவ்வளவு உயரம் என்று அன்றைக்கு ஒரு பார்வை பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா என்று பரந்தாமனுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது அளப்பது ஒன்றுதான்.

நவம்பரில் வேலையைத் தொடங்கினார். தாட்சாயிணி டிவி பார்க்கும் மர நாற்காலியின் மெத்தைக்கடியில் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பிளைவுட் துண்டு ஒன்றைச் செருகினார். மறுநாள் இன்னொன்று. அவள் எழுந்திருக்கும்போது கையை ஊன்றுகிறாளா என்று பேப்பர் படிப்பதுபோல் கவனித்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னாய்யா, இந்த நாற்காலி தெனத்துக்கும் வளந்துகினே போவுது?"

"மழைக்காலமாச்சே. மரம் உப்பும்," என்றார் பரந்தாமன், பேப்பரை இறக்காமல்.

தரையிலிருந்து ஐம்பத்தாறு சென்டிமீட்டரில் அவள் கை ஊன்றாமல் எழுந்தாள். அறுபத்து நாலைத் தாண்டியதும் ஏறி உட்கார முடியவில்லை. போதும் என்று ஒரு துண்டை உருவிவிட்டார். ஒரு அலுமினியப் பட்டையை வெட்டி அந்த இரண்டு அளவிலும் கோடு போட்டார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் பச்சை, மேலும் கீழும் சிவப்பு. அதைத் துணிப்பையில் செருகிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெயப்பிரியாவோடு கார் ஷோரூம்களுக்குக் கிளம்பினார்.

விற்கிறவர்கள் மைலேஜ் சொல்வார்கள், ஸ்கிரீன் காட்டுவார்கள், மேல்கூரையைத் திறந்து மூடுவார்கள். பரந்தாமன் முன்கதவைத் திறந்து குச்சியை சீட்டோரம் நிறுத்துவார். சின்ன கார்களெல்லாம் கீழ் சிவப்பு. பெரிய ஜீப்பெல்லாம் மேல் சிவப்பு. "ஏணி சேத்துக் குடுப்பீங்களா?" என்று ஒருவரிடம் கேட்டார். அவர் நிஜமாகவே உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். ஜெயப்பிரியா மானம் போகிறது என்று வெளியே போய் நின்றுகொண்டாள். கடன் வாங்கி மாதாமாதம் கட்டப் போகிறவள் அவள். ஆனாலும் குச்சி பாஸ் பண்ணாமல் எந்த வண்டியும் வீட்டுக்கு வராது என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்தாவது ஷோரூமில் குச்சி பச்சையில் நின்றது. காரும் இல்லாமல் ஜீப்பும் இல்லாமல் நடுத்தரமாக ஒரு வண்டி. சீட் ஐம்பத்தொன்பது. ஜெயப்பிரியா பெருமூச்சு விட்டாள். அவசரப்பட்டுவிட்டாள்.

"இதுல டர்போ சார்," என்றாள் விற்பனைப் பிரிவில் இருந்த ரூஹி, பூந்தமல்லிப் பெண். "வெளிய போற புகையோட வேகத்துலயே சின்னதா ஒரு விசிறி சுத்தும். அது காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள அனுப்பும். சின்ன என்ஜின்தான், ஆனா மிதிச்சா பெரிய வண்டி மாதிரி இழுக்கும்."

"நிமிஷத்துக்கு எத்தினி சுத்து சுத்தும்மா?"

"லட்சத்துக்கு மேல சார்."

பரந்தாமன் முகம் மாறிவிட்டது. பட்டறையில் மூவாயிரம் சுற்று சுற்றுகிற லேத்தையே அவர் நம்பமாட்டார். "டர்போ இல்லாத வண்டி?"

"இந்த மாடல்ல எல்லாமே டர்போதான் சார்."

"அப்போ வேணாம். லட்சம் சுத்து சுத்தற சாமானை எவன் கடைஞ்சான், எவன் செக் பண்ணான்னு எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் வேற எடத்துல பார்க்கலாம்."

திரும்பும் வழியில் வீட்டுக்கு நாலு தெரு இருக்கும்போது ஜெயப்பிரியா கேட்டுவிட்டாள்.

"உனுக்குக் குறையே இல்லாத வண்டி கிடைக்கற வரைக்கும் அம்மா ஊட்டுக்குள்ளயே கெடக்கணுமா நைனா?"

பரந்தாமனுக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவளே ரூஹிக்குப் போன் செய்து, ஓட்டிப் பார்க்க வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. தாட்சாயிணி கதவருகிலேயே நின்றாள். எதிரே தேவராஜ் வீட்டு மாடியைப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனாலும் கால் நகரவில்லை.

"நான் வரலைய்யா. மறுபடியும் நாலு பேர் வந்து தூக்கணும்."

"தூக்க வேணாம். பச்சையில கீது," என்று பரந்தாமன் குச்சியை எடுத்துக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். இரண்டு கோடுகளைப் பார்த்தாள். உள்ளே திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். குச்சியைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் நிறுத்தினாள். மெத்தை பச்சைக்குள் இருந்தது.

"மரம் உப்புச்சுன்ன?" என்றாள்.

பரந்தாமன் தலையைச் சொறிந்துகொண்டே குச்சியை வாங்கிக்கொண்டார். தாட்சாயிணிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "வேற வேலை இல்லை உனுக்கு," என்று திட்டிக்கொண்டே செருப்பைப் போட்டாள்.

முன்சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே வைத்தாள். ஜெயப்பிரியா ஓட்ட, பரந்தாமனும் ரூஹியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். இருபத்தெட்டு வருடமாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஊரெல்லாம் வந்தவள் இப்போது முன்னால் இருந்தாள். கொண்டைக்குக் கீழே இவ்வளவு நரைத்துவிட்டதா என்று பரந்தாமன் பார்த்துக்கொண்டே வந்தார்.

அம்பத்தூர் தாண்டி ரோடு கொஞ்சம் காலியானது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி சிந்திக்கொண்டே போனது. ஜெயப்பிரியா வலது பக்கம் எடுத்து மிதித்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் வண்டி கிளம்பிய வேகத்தில் தாட்சாயிணியின் தலை சீட்டில் போய் ஒட்டியது. பரந்தாமன் முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாப்பா, மெதுவா" என்று சொல்ல வாயெடுத்தார்.

தாட்சாயிணி சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை. தோள் குலுங்க, மூச்சு வாங்கச் சிரித்தாள். பிப்ரவரிக்கு அப்புறம் அந்தச் சத்தத்தை அவர் கேட்கவே இல்லை.

"யாரோ பின்னாலேர்ந்து தள்ற மாதிரி கீதுடி. இன்னொரு தபா அழுத்து."

ஜெயப்பிரியா அழுத்தினாள். திருமுல்லைவாயல் வந்தது, ஆவடி வந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் தாட்சாயிணி, "நேரா போ. ராஜம்மாவைப் பாத்துட்டு வந்துடலாம்," என்றாள். ரூஹி வாட்சைப் பார்த்தாள். ஆபீசுக்குப் போன் போட்டு, ஆவடியில் பயங்கர டிராபிக் என்று கூசாமல் சொல்லிவிட்டு, "போங்கக்கா," என்றாள்.

ராஜம்மா வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பரந்தாமன் பாய்ந்து இறங்கப் பார்த்தார். மனைவியைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமே. கதவு திறக்கவில்லை. கைப்பிடியை இழுத்தார், தோளால் இடித்தார்.

"சைல்ட் லாக் சார்," என்றாள் ரூஹி, தன் பக்கத்தையும் இழுத்துப் பார்த்துவிட்டு. "நேத்து பாத்தவங்க குழந்தையோட வந்தாங்க. எடுக்க மறந்துட்டேன். வெளியிலேர்ந்துதான் திறக்கணும்."

"பாப்பா, நீ ஓடு. அம்மாவைப் புடி."

ஜெயப்பிரியா சீட் பெல்ட்டோடு போராடிக்கொண்டிருந்தாள். அதற்குள் முன்கதவு திறந்துவிட்டது. தாட்சாயிணி திரும்பி உட்கார்ந்தாள். ஒரு கால் தரைக்கு வந்தது. மறுகால் வந்தது. பரந்தாமன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். அவள் கதவைப் பிடிக்கவில்லை. கையை ஊன்றவில்லை. எழுந்து நின்று, புடவைக் கொசுவத்தை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்தாள். வாசலுக்கு வந்த ராஜம்மா அக்காவைப் பார்த்துக் கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"புக்கிங் எழுதிக்கோம்மா," என்றார் பரந்தாமன்.

"டர்போ பரவாயில்லையா சார்?"

"எழுதிக்கோ."

தாட்சாயிணி தங்கையிடம் போவதற்கு முன்னால் திரும்பி வந்தாள். பின்கதவை வெளியிலிருந்து திறந்தாள். உள்ளே குச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

"கைய குடுய்யா," என்றாள். "பாத்து எறங்கு."

பரந்தாமன் கையைக் கொடுத்தார்.