அந்தப் பையைத் திறக்க விடவில்லை

போன வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தறியாவது இருக்கும். என் வீட்டுக்காரரும் நெய்கிறார், நானும் நெய்கிறேன். தெருவுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. தண்ணீர் வரவில்லை, கரண்ட் போய்விட்டது, கோயிலில் உற்சவம் என்று அதில் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அந்த வாரம் ஒரு வீடியோ வந்து விழுந்தது. நீலப் புடவை கட்டிய ஒரு பெண், தோளில் பெரிய துணிப்பை, ஒரு குழந்தைக்குப் பிஸ்கட் நீட்டுகிறாள். அடுத்த காட்சியில் குழந்தையைக் காணோம், பை உப்பியிருக்கிறது. செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு ஆண் குரல், இந்தக் கும்பல் காஞ்சிபுரத்தில் இறங்கியிருக்கிறது என்கிறது. கீழே எழுத்தில், "நீங்கள் உண்மையான தாயாக இருந்தால் உடனே பகிருங்கள். அலட்சியம் செய்தால் அடுத்தது உங்கள் வீட்டுக் குழந்தை."

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் உண்மையான தாயா, டூப்ளிகேட் தாயா என்று முத்திரை குத்த இவன் யார்? நான் அனுப்பவில்லை. ஆனால் தெருவில் முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். பெற்ற வயிறு பயப்படத்தானே செய்யும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வீடியோவைக் குரூப்பில் போட்டது எதிர் வீட்டுப் பையன். இருபது வயசு தாண்டியவன், வேலையில் கெட்டிக்காரன். தறியை விட்டு எழுந்தால் மட்டும் காதில் ஹெட்போன், கையில் செல், ஒரே துப்பாக்கி விளையாட்டு. அதில் அவனோடு சேர்ந்து ஆடுகிற டீமுக்கு ஒரு குரூப் இருக்கிறது. வீடியோ அங்கிருந்துதான் வந்ததாம். அதில் முகம் தெரியாத ஒருத்தன், அவனவன் ஊரில் காவல் இருங்கள், பிடித்து லைவ் போடுகிறவனுக்கு டீமில் தளபதி பட்டம் என்று உசுப்பேற்றி விட்டிருக்கிறான். இவனும் கூட நாலு பேரும் தெருமுனையில் காவல் நின்றார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் பழைய பட்டுப் புடவையை விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, உருக்கி எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் ஒரு பணமுடை என்றால் பெண்கள் கைவைப்பது அந்தப் புடவையில்தான். ஆனால் பட்டு நெய்கிற வீட்டில் தான் கட்டிய பட்டையே விற்றுவிட்டாள் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அதிலும் எங்கள் தெருவில் ஒரு புடவையைப் பார்த்ததுமே யார் நெய்தது, யார் கல்யாணத்துக்குக் கட்டியது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் வாங்க வருகிற அக்கா தெருவில் கூவ மாட்டார். ஆந்திரா பக்கத்திலிருந்து பள்ளிக்கூடம் திறக்கிற நாளாகப் பார்த்து வருவார். பின்வாசலில் வாங்கிக்கொண்டு பையைக் கட்டினால் ஊர் தாண்டும்வரை அவிழ்க்க மாட்டார். ஆம்பளைகளுக்கு அவர் முகமே தெரியாது.

பையன்கள் காவல் நின்ற ஒரு நாள் காலையில் அந்த அக்காவிடம் என் முகூர்த்தப் புடவையைக் கொடுத்தேன். பெண்ணை நர்ஸிங்கில் சேர்க்க வேண்டும், கடைசி நாள் நெருங்கிவிட்டது. அரக்கு உடல், பச்சை பார்டர். கல்யாணம் நிச்சயமானதும் என் வீட்டுக்காரர் எனக்காகத் தன் கையால் நெய்தது அது. அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், இல்லையென்றால் பேசாமல் எழுந்து போய்விடுவார். இரண்டையும் தாங்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

அக்கா சந்து வழியாகத் தெருவுக்கு வந்திருக்கிறார். முனை வீட்டுக் குழந்தை ஒன்று வாசலில் அழுதுகொண்டிருந்ததாம். இடுப்பில் முடிந்து வைத்திருந்த பன்னைப் பிய்த்து அதன் கையில் கொடுத்திருக்கிறார். அவர் கட்டியிருந்தது நீலப் புடவை. வேறு என்ன வேண்டும்?

கூச்சல் கேட்டு நான் ஓடி வருவதற்குள் கூட்டம் வளைத்துவிட்டது. எதிர் வீட்டுப் பையன் செல்லைத் தூக்கிப் பிடித்து லைவ் ஓட்டிக்கொண்டிருந்தான். "பைய தொறமா! உள்ள இன்னா இருக்குது?" அக்கா பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, "வத்து நாயனா, வத்து", வேண்டாம்ப்பா வேண்டாம் என்று தெலுங்கில் கெஞ்சினார். திறக்க மாட்டேன் என்றதும் கூட்டத்துக்கு வெறி ஏறிவிட்டது. ஒருத்தன் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். கம்மல் மாட்டிக் காது கிழிந்து கழுத்தில் ரத்தம் வழிந்தது.

நான் உள்ளே புகுந்து அக்காவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். "கைய எடுடா! அவங்க எங்க வூட்லேருந்து வர்றாங்க" என்று கத்தினேன்.

"உங்க வூட்ல அவளுக்கு இன்னா வேலை?" என்றான் அந்தப் பையன்.

கூட்டத்து ஓரத்தில் என் வீட்டுக்காரர். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார். என்னத்தையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுகூடத் தோன்றியது. பின்னால் அக்கா நடுங்குவது என் முதுகில் தெரிந்தது.

"என் முகூர்த்தப் புடவைய இவங்ககிட்ட வித்தேன். பொண்ண படிக்க வெக்கணும், வித்தேன். இப்ப இன்னாங்கிற?"

அவன் சளைக்கவில்லை. "அப்ப தொறந்து காட்டச் சொல்லு ஆன்ட்டி. புடவைன்னா இன்னா பயம்?" என்று பையின் முடிச்சில் கைவைத்தான். ஆமாம் ஆமாம் என்றது கூட்டம்.

அப்போதுதான் எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. "தொறடா! நல்லா தொற, லைவ்ல ஊரே பாக்கட்டும். ஆனா என் புடவை மட்டும் உள்ள இல்ல. ஒவ்வொண்ணா எடுக்க எடுக்க யார் யார் வூட்டுப் புடவைன்னு தெரியும். பரவால்லையா?"

சொல்லிவிட்டு வாசல்களைப் பார்த்தேன். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்திகூட அசையவில்லை.

முதலில் இறங்கி வந்தது அந்தப் பையனுடைய அம்மா. பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு நேராக வந்து அவன் செல்லைக் கீழே தள்ளினாள். "அணைடா அத."

"நீ சும்மா இரும்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது."

"அணைன்னேன்ல!"

அவள் குரலைக் கேட்டு அவன் முகம் மாறிவிட்டது. அம்மா பையின் மேல் கைவைத்து நின்றாள். அடுத்து பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். அப்புறம் ஒருத்தி கரண்டியோடு, ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு. எல்லோரும் அக்காவைச் சுற்றி நெருக்கமாக நின்றுவிட்டார்கள். ஆம்பளைகள் ஒவ்வொருத்தராகப் பின்வாங்கினார்கள். போகிற போக்கில் ஒரு பெரிய மனிதர் என் வீட்டுக்காரரைக் கிண்டினார். "இன்னாபா, புடவ வித்தது உனக்குத் தெரியுமா?"

"அவ புடவை, அவ வித்தா. உனக்கு இன்னா?" என்றார் இவர்.

கல்யாணமானதிலிருந்து அந்த மனுஷன் பேசியதிலேயே எனக்குப் பிடித்த பேச்சு அதுதான். வீட்டுக்குள் வந்ததும், "பச்சை பார்டர் எனக்கு அப்பவே புடிக்கல, உங்கம்மா கேட்டாங்கன்னு போட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டே அழுதேன்.

அதற்கு முன்னால் நாங்கள் நாலு பெண்கள் அக்காவை ஆஸ்பத்திரியில் காட்டி, ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனோம். வழியில் கேட்டேன், ஒரு புடவையை வெளியே எடுத்துக் காட்டியிருந்தால் விட்டிருப்பார்களே அக்கா என்று. "அப்புறம் எந்தப் பொம்பள எனக்குக் கதவு தொறப்பாமா?" என்றார்.

சாயங்காலம் என் பெண் அந்த வீடியோவின் முழுசையும் தேடி எடுத்துவிட்டாள். கடைசியில் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறாள். 'விழிப்புணர்வுக்காக நடித்தது' என்று எழுத்து வருகிறது. அதை யாரோ வெட்டிவிட்டு எங்கள் ஊர்ப் பேரைச் சேர்த்துப் பேசியிருக்கிறார்கள். அதே குரல், வேறு ஊர்ப் பேரோடு இன்னும் எத்தனையோ இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. முழு வீடியோவைத் தெருக் குரூப்பில் போட்டு, கூடவே என் வாயால் நாலு கேள்வி கேட்டு வாய்ஸும் அனுப்பினேன். பையனை டீமிலிருந்து தூக்கிவிட்டார்களாம், மிஷன் ஃபெயிலாம். ஒரு பெண்ணின் காது கிழிந்தது அவர்களுக்கு மிஷன். அவன் ரெண்டு நாள் கழித்து வந்து வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நன்றாகத் திட்டிவிட்டுத்தான் காப்பி கொடுத்தேன்.

பட்டை விற்றவள் என்று என் முதுகுக்குப் பின்னால் இன்னமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசட்டும். என் பெண் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு காலேஜ் போகிறாள். இந்த வருஷமும் அக்கா வந்தார், அதே நீலப் புடவையில், காதில் தையல் தழும்போடு. இந்தத் தடவை முன்வாசல் வழியாக வரச்சொல்லி, உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன்.

அந்த மாதிரி செய்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நீங்கள் உண்மையான தாயாக இருந்தால் பகிருங்கள் என்று ஒவ்வொன்றும் கேட்கிறது. நான் தாய்தான், அதனால்தான் பகிர மாட்டேன்.