விளாங்குடியில் ஓர் இளநீர்

மதுரையில் கிளம்பிய கரிவாயு பஸ், பின்புற அடுப்புக்குக் கரி போட விளாங்குடியில் நிற்கிறது. இஞ்சினீயரிங் காலேஜின் முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன். படம் வரையும் டி-ஸ்கொயர் என்ற நீள மரச்சட்டம் என் படுக்கைச் சுருளுக்குள் தாராளமாக அடங்கும். ஊர் பார்க்கட்டுமென்று கையில் பிடித்திருக்கிறேன். பார்த்துவிட்டது.

ஒரு விவசாயி இளநீர் சீவி நீட்டுகிறார்.

“ரோட்டை அகலமாக்க அளக்க வந்திருக்கீகளா, ஐயா? நம்ம கெணறு ஓரத்துல இருக்கு. பாத்துச் செய்யுங்க.”

காலேஜில் இதுவரை கோடு போட மட்டுமே கற்றிருக்கிறேன். அதையும் கோணல் என்று திருப்பித் தந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் இளநீர் பாதி உள்ளே போய்விட்டது. கிணற்றை முறைத்துப் பார்த்து, “கவனிக்கிறேன்” என்கிறேன்.

அவர் வழுக்கையை வழித்துத் தருகிறார்.

“போன தடவை வந்த இஞ்சினீயரும் எளநியக் குடிச்சுப்புட்டு இதையேதான் சொன்னாரு. வேலி போச்சு.”

பஸ் கிளம்புகிறது. டி-ஸ்கொயரைப் படுக்கைக்குள் வைத்துச் சுருட்டுகிறேன்.